டவுன் வீட்டுக்காரி வாங்கிய கார்டு

வீடு எங்கே என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் பைஸர் கேட்டபோது பிரியந்தி உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த வாய் அன்றைக்குப் பார்த்துத்தான் டவுனுக்குக் குடிபோனது.

கொழும்பு விளம்பரக் கம்பெனி ஒன்று அவளை நம்பி நாற்பது விநாடி அனிமேஷன் படம் கேட்டிருந்தது. அன்று சாயந்தரம் ஆறு மணிக்குள் அனுப்பினால் நிரந்தர வேலை. தவறினால் அம்மா நாகலெட்சுமியின் பின்னால் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேற வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு முந்தின நாள் உயிரை விட்டிருந்தது. பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டன் டவுனுக்கு ஓடிவந்தாள்.

எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பைஸர் இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தார்.

"வேலைக்கா, கேம் ஆடவா?"

"வேலைக்குத்தான் நானா. ஞாயித்துக்கிழமைன்னா கொஞ்சம் கார் ரேஸும் ஆடுவேன்."

"அப்ப இந்தச் சின்னதே தாராளம். பெருசுல கேம் நல்லா ஓடும், ஆனா கரண்டை இழுக்கும். வீடு எங்க, தோட்டத்து லயமா?"

பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு என்று அவர்கள் முன்னால் சொல்ல அவளுக்குக் காது சுட்டது.

"இல்ல நானா. டவுன்லதான்."

டவுன்காரி என்று சொன்ன பிறகு, கரண்டுக்குப் பயந்து சின்னதை எப்படி வாங்குவது? பெரியதை வாங்கிக்கொண்டாள்.

ஆயிரம் ஃபிரேம்கள் ஒவ்வொன்றாக உருவாகிச் சேர்ந்தால்தான் படம். வீட்டில் பதினொன்றரைக்குத் தொடங்கியது, நாலரை மணிவரை குதிரையாக ஓடியது. எண்ணூறு முடிந்திருந்தது. அப்போதுதான் மழையில் நனைந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். தண்ணீர் வைக்கும் கரண்ட் கேத்தல்களும் சோற்றுக் குக்கர்களும் ஒரே நேரத்தில் கொதிக்கத் தொடங்கின. லயத்தின் பத்து வீட்டுக்கும் ஒரே வயர். பல்பு மங்கியது, கம்ப்யூட்டர் அணைந்தது.

போட்டாள். அணைந்தது. கார்டின் வேகத்தைக் குறைத்துப் போட்டாள். அதுவும் அணைந்தது. பைஸருக்குப் போன் செய்தாள்.

"நானா, நான் காலையில பொய் சொல்லிட்டேன். எங்க வீடு லயத்துலதான்."



"என்ன தங்கச்சி, எங்கட கடைக்கு வாறதுல முக்கால்வாசி லயத்து ஆக்கள்தானே! சின்னதுன்னா அந்தக் கரண்டுக்கும் ஓடியிருக்கும். நாளைக்குக் கொண்டாங்க, மாத்தித் தாறேன்."

நாளைக்கு! வாசலுக்கு ஓடி, வாழ்க்கையில் முதல் தடவையாக லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கரண்டை அணைச்சு வைங்க! எனக்கு வேலை போயிரும்!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பத்தாவது காம்பரா வீட்டுப் பேச்சியம்மா பாதி கொதித்த தண்ணீரோடு கேத்தலைப் பிடுங்கினாள். ஒவ்வொரு வீடாக இருண்டது. ஈரச் சேலையோடு எல்லோரும் படியில் குந்திக்கொண்டார்கள். நாகலெட்சுமி மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து இருபது. பிரியந்தி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் கீழ் லயத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. அவர்களுக்கும் அதே கம்பத்திலிருந்துதான் கரண்ட். திரை கறுத்தது. மறுபடி போட்டாள், உயிர் வரவில்லை.

ஆறு மணி கழிந்து ஐந்து நிமிடத்தில் போனில் கம்பெனியின் செய்தி வந்தது. வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம்.

டவுன்காரி என்று யாரிடம் பீற்றிக்கொண்டாளோ, அவர்களுக்கு அவள் முகம்கூட நினைவிருக்காது. யாரை மறைத்தாளோ, அவர்கள் அவளுக்காகக் குளிரில் இருக்கிறார்கள். அவளுக்குச் செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

வெளியே பேச்சியம்மாவின் பற்கள் தாளம் போடுவது கேட்டது.

"பிரியந்தி, அவசரமில்லம்மா. நாங்க இருக்கோம். உன் வேலை முடிஞ்ச பெறகு சொல்லு, தண்ணி வச்சுக்குறோம்."