மீனம்மாவின் தேமல்

சண்முகவடிவுக்கு இடது முழங்கால் வீங்கத் தொடங்கி இரண்டு வருஷமாகிவிட்டது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஏற்றமெல்லாம் செங்குத்து. கூடையை மாட்டிக்கொண்டு காலை ஊன்றி ஊன்றி அவள் போய்ச் சேருவதற்குள் மற்றவர்கள் பாதி நிரை கொழுந்தெடுத்திருப்பார்கள். கங்காணி நாலு பேர் காதில் விழும்படி ஏசுவான். அதனால்தான், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா பேச்சியம்மா தைப்பொங்கலோடு நின்றுவிடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், அந்த வேலை தனக்கென்றே வருகிறது என்று வடிவு நினைத்தாள். கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. மழை இல்லை, அட்டை இல்லை, ஏற்றம் இல்லை.

ஆனால் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, அந்த வேலைக்கு மீனம்மாவைப் பிடித்துக்கொண்டாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மீனம்மா வடிவுக்கு அடுத்த காம்பரா. வடிவைவிட ஐந்து வயது இளையவள், துப்புரவானவள், யார் வீட்டுக் குழந்தையும் அவள் இடுப்புக்குத் தாவும். அவளுக்கே இரண்டு வயதில் ஒரு பெண் இருந்தது. செய்தி வந்த அன்று வடிவு, கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அது 1961ஆம் வருஷக் கடைசி. டவுன் ஆஸ்பத்திரியில் தோட்டத்துப் பெண்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுகாதார வகுப்பு நடந்துகொண்டிருந்தது. லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பிளேன்டீயும் பணிசும் கொடுப்பார்கள். நாகலெட்சுமி மிஸ்ஸி என்ற தாதி படங்களைத் தொங்கவிட்டுப் பேசுவாள். ஒரு வாரம் பூச்சி, ஒரு வாரம் இருமல், ஒரு வாரம் கொதிக்க வைத்த தண்ணீர். நான்காவது வாரம் தோல் வியாதி. வெளிறிய படையையும் அந்த இடத்தில் தொட்டால் உணர்வு தெரியாது என்பதையும் சொல்லி, பெருவியாதி இப்படித்தான் ஆரம்பிக்கும், மாத்திரை போட்டால் மாறிவிடும், ஆளை ஒதுக்கக் கூடாது என்றாள். அடுத்த சனிக்கிழமை பெரிய டாக்டர் வந்து எல்லோரையும் இலவசமாகப் பார்ப்பார் என்றும் சொன்னாள்.

வடிவு எழுந்து நின்றாள். மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது மீனம்மாவின் முதுகைப் பல தடவை தேய்த்துவிட்டவள் அவள்.

"முதுகுல தேமலாட்டம் வெளுத்து இருந்தா அதுவும் காட்டணுமுங்களா மிஸ்ஸி? நம்ம மீனம்மாவுக்கு இருக்குங்க."

அக்கறையாகத்தான் கேட்டாள். கேட்ட அந்த நிமிஷத்தில் அவளுக்கே அது அக்கறை என்றுதான் தோன்றியது. மிஸ்ஸி பதறவில்லை, கட்டாயம் காட்டச் சொன்னாள். ஆனால் முப்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீனம்மாவோடு ஒரே பலகையில் இருந்த ராசம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். திரும்பும்போது லொறியில் மீனம்மாவின் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

சனிக்கிழமை மீனம்மாவுக்குத் துணையாக வடிவுதான் போனாள். டாக்டர் சிங்களவர். மீனம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. வடிவு சின்ன வயதில் கினிகத்தேனையில் ஒரு சிங்கள வீட்டில் ஆறு வருஷம் வேலைக்கு நின்றவள், நன்றாகவே பேசுவாள். வரிசை நீளம். மிஸ்ஸி அடுத்த அறையில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மீனம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, முதுகில் இறகாலும் ஊசி முனையாலும் தொட்டார். அவள் ஒன்றைக்கூட விடாமல், "இங்கங்க, இங்கங்க" என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். இது பெருவியாதியே இல்லை, வெறும் அழுக்குத் தேமல், மூன்று வாரம் களிம்பு பூசினால் போய்விடும், லயத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடு, பாவம் பயந்து போயிருக்கிறாள் என்று வடிவிடம் சிங்களத்தில் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மீனம்மா ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு வடிவின் வாயையே பார்த்தாள். வடிவுக்கு அந்தக் கணத்தில் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது.

"இப்பத்திக்கு ஒண்ணும் சொல்ல முடியாதாம். களிம்பப் பூசிக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாரு."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் மீனம்மா கேட்டாள்:

"புள்ளையத் தூக்கலாமாக்கா?"

"தூக்காம இருந்தா நல்லது."

இதை டாக்டர் சொன்னதாகவும் வடிவு சொல்லவில்லை, சொல்லாததாகவும் சொல்லவில்லை.

மூன்றே வாரத்தில் தேமல் மறைந்துவிட்டது. வியாதி உள்ளே இறங்கிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பீலியில் மீனம்மா கடைசியாகத்தான் தண்ணீர் பிடிக்கலாம் என்றானது. நிரையில் ஓர் ஓரம் அவளுக்கென்று ஒதுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டுச் சீட்டு ஒன்றும் வரவில்லையே என்று, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வடிவைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம் என்றாள். பொங்கல் கழிந்து பிள்ளைக்காம்பராவின் சாவி வடிவின் கைக்கு வந்தது.

மீனம்மாவின் புருஷன் அழகன் கெட்டவனில்லை, பயந்தவன். பிள்ளையை நோர்வூட்டில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஆறு மாதம்தானே என்றான். தூக்க வேண்டாம் என்ற பேச்சை நம்பியிருந்த மீனம்மா, பிள்ளை போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதது.

மாசி மாதம் நோர்வூட் பக்கம் வயிற்றோட்டம் வந்தது. அழகன் பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் திருப்பிக் கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் மீனம்மாவைப் பிணத்தின் பக்கம் விடவில்லை. ராசம்மாதான் குளிப்பாட்டினாள். வடிவு அன்று பிள்ளைக்காம்பராவை அரை நாளோடு மூடிவிட்டு வந்து, சுவரோரமாக நின்றாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நெஞ்சுக்குள் ஒன்று எழுந்தது. சொல்லி என்ன, பிள்ளை வரப்போகிறதா என்று அதை அமுக்கினாள். அதற்குப் பிறகு அமுக்குவது சுலபமாகவே இருந்தது.

வைகாசியில் மீனம்மா யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் டவுனுக்குப் போனாள். நாகலெட்சுமி மிஸ்ஸி பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். உனக்கு வியாதியே இல்லையே, அன்றைக்கே டாக்டர் எழுதியிருக்கிறாரே, எதற்கு மறுபடி வந்தாய் என்று கேட்டாள்.

மீனம்மா நேரே பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். வடிவு ஒரு குழந்தைக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே இல்லேன்னு சொன்னாராம்க்கா," என்றாள் மீனம்மா. குரல் உயரவில்லை. "நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

வடிவு கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு வெளங்குனதத்தான் சொன்னேன்," என்றாள்.

அன்று மாலை லயத்து வாசலில் நாலு பேர் கூடி விசாரித்தார்கள். தனக்குச் சிங்களம் அரைகுறைதானே, டாக்டர் வேகமாகப் பேசினார், அப்படித்தான் காதில் விழுந்தது என்று வடிவு அழுதாள். எல்லோரும் நம்பினார்கள். அவள் செய்தது தவறுதல் என்றால்தான் தாங்கள் செய்ததும் தவறுதலாகும். ராசம்மா, ஆண்டவன் எழுதியது என்று சொல்லி எழுந்துபோனாள். மீனம்மா மட்டும் வடிவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது வடிவுக்கும் தெரிந்தது.

மறுநாளிலிருந்து பீலியில் மீனம்மாவுக்கு முதலில் வழிவிட்டார்கள். ஆயா வேலையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, துரைசாணி அதற்குள் சீமைக்குப் போயிருந்தாள்.

அடுத்த வருஷம் மீனம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பேறுகாலச் சலுகை முடிந்ததும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயே ஆக வேண்டும். குழந்தையை மலைக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் பார்க்க ஆளில்லை. தோட்டத்தில் இருந்தது ஒரே பிள்ளைக்காம்பரா.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடித்து அடங்கியிருந்தது. மற்றப் பெண்கள் குழந்தைகளைக் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மீனம்மா வாசற்படியில் குழந்தையை அணைத்தபடி நின்றாள். பின்னாலிருந்து கங்காணி கத்தினான், நேரமாகிறது என்றான். வடிவு நொண்டிக்கொண்டு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மீனம்மா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள்.