சுழலே வராத நாசில்

எங்கள் துறைத் தலைவருக்கு மாப்பிள்ளை அமைந்தார். அடுத்த மாதமே ஆய்வகத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் அமைந்தது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் நாலு ஊர் சொல்வார். என்ன படித்தீர்கள் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

நான் பன்னிரண்டு வருடமாக அங்கே தொட்டி பார்ப்பவள். கண்ணாடித் தொட்டியின் அடியிலிருந்து சாயத் தண்ணீரைப் பீய்ச்சிப் படம்பிடிப்பது என் வேலை. தாரை முதலில் கோல் போல நேராக எழும். பிறகு ஓரம் நெளியும். நெளிவு சுருண்டு வளையமாகும். பின்னால் வரும் வளையம் முன்னதை எட்டிப்பிடித்து அதோடு ஒன்றாகிவிடும். அப்புறம் ஒரே களேபரம், சாயம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து கலங்கிவிடும். வேகம் கூடினால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம்.

மாப்பிள்ளை பித்தளையில் ஒரு நாசில், அதாவது தாரை வெளிவரும் குழாய்முனை, கடைந்து வந்தார். "இதுல சுழலே வராது. எவ்வளவு வேகம் வேணும்னாலும் வைங்க."

"வால்வ முழுசா திறந்து பாத்தீங்களா சார்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? தொட்டியத் தொடச்சு வைங்க."

அவர் எடுத்த படத்தைப் பார்த்தேன். தாரை ஆடாமல் அசையாமல் நின்றது. ஆனால் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி துப்பாக்கிக் குண்டாய் மேலே பாய்ந்தது. வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து படம் எடுத்துவிட்டு, அதை வேகமாக ஓட்டியிருக்கிறார். அந்தச் சொட்டுத் தண்ணீரில் ஓட்டைக் குழாயில்கூடச் சுழல் வராது.

நாசிலை வாங்கலாமா என்று பார்க்கப் பம்ப் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார், இன்ஜினியர். படத்தைப் பார்த்துவிட்டு, "திறந்து காட்டுங்க" என்றார்.

"அதான் படம் இருக்கே மேடம்."

"தொட்டியும் இருக்கே."

நான் வால்வை முழுசாகத் திறந்தேன். நாசிலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே தாரை நெளிந்தது, சுருண்டது, வளையத்தோடு வளையம் மோதியது. தொட்டி முழுக்கச் சாயம்.

"தண்ணி சரியில்ல" என்றார் மாப்பிள்ளை.

"இவருக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்றார் கூடவே நின்ற மாமனார், எங்கள் துறைத் தலைவர். தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஜினியர் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை புது அறிக்கையோடு வந்தார்: 'சுழலை விரைந்து உண்டாக்கும் நாசில்'. வெட்கம் என்பதை அவர் வீட்டில் சொல்லியே கொடுக்கவில்லை போலும்.

"சோதனை பண்ணது நீங்கதானே, ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

'பழைய நாசிலிலும் இதேதான் நடக்கும்' என்று தெளிவாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டி, பம்ப் கம்பெனிக்கு அனுப்பினார்.