காற்றுப் பிடுங்கி

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு அவர் ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினார். ஐஸ் தட்டில் தண்ணீர் ஆடியது.

சமையலறைச் சுவரில் ஒரே ஒரு சாக்கெட். அதில், பையிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் சீல் மெஷினின் பிளக் இருந்தது. ஃப்ரீசரின் பிளக், ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ வேலை. ஃப்ரீசரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது, வயர் சூடேறும் என்பது வீட்டில் அவர் போட்ட சட்டம். மனைவி ஒரு வயர் வாங்கி வந்தபோது கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான். அதனால் வாரா வாரம் ஃப்ரீசரைப் பிடுங்குவார், மெஷினை மாட்டுவார், பைகளை ஒட்டுவார், மறுபடி மாற்றி மாட்டுவார். அரை மணி நேர வேலை.

இந்த ஞாயிறு கடைசிப் பையை ஒட்டும்போது போன் வந்தது. ஒரு கட்டடத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பைகளை உள்ளே போட்டு மூடியைச் சாத்திவிட்டு ஓடினார். மூன்று பேரையும் இறக்கினார். ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து அதை இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

இப்போது பைகளைத் தொட்டுப் பார்த்தார். பழைய ஃப்ரீசர், மூடியின் ரப்பர் தளர்ந்தது. வெளியே கோடை. கோழிப் பைகள் மெத்தென்று இருந்தன. குளிர்ச்சி இல்லை. ஆனால் பிளாஸ்டிக் கறியோடு ஒட்டி இறுக்கமாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் தேதி. பார்க்கக் குறையே இல்லை. மோந்து பார்த்தார். பையில் காற்றே இல்லாதபோது வாசனை எங்கிருந்து வரும்?

பிளக்கை மாட்டினார். மோட்டார் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வயரைச் சுருட்டி மெஷினை அலமாரியில் வைத்தார்.

மனைவி எழுந்து வந்தாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. ஐஸ் எடுத்தேன்."

முதல் பொய் இவ்வளவுதான்.

மெஷின் வந்து எட்டு மாதமாகிறது. மனைவிக்கு அதில் விருப்பமில்லை. மொத்தமாக மலிவில் வாங்கலாம், பங்கு பிரித்து ஒட்டலாம், ஒரு துண்டு வீணாகாது, ஒரு வருஷத்தில் மெஷின் தன் விலையைத் தானே எடுத்துவிடும் என்று அவர்தான் வாதாடி வாங்கினார். அதற்குப் பிறகு விருந்தாளி யார் வந்தாலும் மெஷினை இறக்கி ஓட்டிக் காட்டுவார்.

அவர்களோடு இருந்த மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எழுபத்தொரு வயது, சர்க்கரை நோய், வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. மெஷினுக்குக் காத்துப் பிடுங்கி என்று பெயர் வைத்தவர் அவர்.

"மாப்பிள்ளை, இதுல வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்?"

"ரெண்டு வருஷம் மாமா."

"அப்ப என்னையும் ஒரு பையில போட்டு ஒட்டிடுங்க. தேதி மட்டும் கொஞ்சம் முன்ன போடுங்க. பொண்ணு பார்க்க உதவும்."

செவ்வாய் முழுக்க அந்தப் பைகளைப் பற்றியே அவர் யோசித்தார். தூக்கிப் போட வேண்டும். தூக்கிப் போட்டால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் அந்த வயர் கதை வரும். புதன்கிழமை ஒரு பையைத் தானே வேக வைத்துத் தின்று பார்ப்பது என்று முடிவு செய்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மிச்சமும் நல்லதுதான்.

புதன்கிழமை அவர் வருவதற்குள் மனைவி ஒரு கோழிப் பையைப் பிரித்துச் சமைத்துவிட்டாள். பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை. அன்று சீக்கிரம் விட்டிருந்தார்கள். மாமனார் மேஜையில் உட்கார்ந்து இரண்டாவது துண்டை எலும்பு தெரியக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க காத்துப் பிடுங்கியைத் திட்டினதெல்லாம் வாபஸ். பஞ்சு மாதிரி இருக்கு."

"பட்டாணியும் போடலாம்னு எடுத்தேன்," என்றாள் மனைவி. "பை முழுக்க ஒரே கல்லா உறைஞ்சிருக்கு. முன்னெல்லாம் உதிரியா இருக்கும்ல? உடைக்க முடியலை, அப்படியே வெச்சுட்டேன்."

அவர் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். தட்டைப் பிடுங்கலாம். பிடுங்கினால் காரணம் சொல்ல வேண்டும். கொதித்த கறிதானே, கொதியில் எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தார். நினைத்ததை நம்பவும் செய்தார்.

"உக்காருங்க, போடறேன்."

"வேலை இடத்துல சாப்பிட்டுட்டேன்."

"எனக்கும் பெரிசா பசியில்லை. அப்பா, உங்களுக்குத்தான் யோகம்."

"யோகத்தைத் தட்டுல வை," என்றார் மாமனார்.

எல்லாரும் படுத்த பிறகு அவர் சமையலறையில் நின்றபடி ரொட்டியைத் தின்றார். வெறும் ரொட்டி. விளக்கைப் போடவில்லை.

வியாழக்கிழமை பொழுது விடியும்போது மாமனார் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். தலைமாட்டில் நின்று கேட்டாள்.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

மனைவி சொன்னாள்.

"கறி புதுசா?"

"பையில ஒட்டி ஃப்ரீசர்ல வெச்சது டாக்டர். இவர்தான் ஒட்டுவார். தேதியெல்லாம் எழுதி வெச்சிருப்பார்."

டாக்டர் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். தேதி எழுதியது உண்மைதான்.

"சரியா வேகலையோ என்னவோ," என்றாள் டாக்டர். "வயசானவர், சர்க்கரை வேற. கிட்னி கொஞ்சம் தயங்குது. ரெண்டு நாள் பார்ப்போம்."

வராந்தாவில் மனைவியின் அண்ணன் போனில் கத்தியது அவருக்கும் கேட்டது. ஒரு கிழவருக்கு ஒழுங்காகப் பொங்கிப் போடத் துப்பில்லையா என்றான். அவள் கடைசிவரை கேட்டாள். போனை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"அடுப்பை முன்னாடியே அணைச்சுட்டேனோ? கேஸ் மிச்சமாகட்டும்னு அணைச்சேன். நீங்கதானே சொல்வீங்க, சூட்டுலயே வெந்துடும்னு."

"உன் மேல ஒண்ணும் தப்பில்லை."

"பின்ன யார் மேல?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள், இருவரும் ஒதுங்கினார்கள். வண்டி போன பிறகு அவர் டீ வாங்கி வருவதாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று பிறரைத்தான் சொல்லியிருக்கிறார். மறைக்கிறவனுக்குச் சோற்றைத் தவிர வேறு நினைப்பு இருக்காது என்று இப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். ஒன்பது மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் லிஃப்டின் மெஷின் அறை. கம்பிக்கயிற்றில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தது. ஓடும், இன்னும் ஆறு மாதம் ஓடும். ஆனால் மெயினை அணைத்து, கதவில் 'ஓடாது' அட்டையை மாட்டினார். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒத்தை இழைக்கா சார்? ஒன்பதாம் மாடி அம்மா என்னை உசுரோட விடமாட்டாங்க."

"சந்தேகம்னா நிறுத்தணும்."

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் மாமனார் கண் திறந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. மருமகனின் கையைத் தேடிப் பிடித்தார். பிடியில் பலமில்லை.

"மாப்பிள்ளை. இங்க ஆளாளுக்கு ஏதோ ஒண்ணை உள்ள ஏத்துறாங்க. நீங்க காத்தை மட்டும் பிடுங்கிடாதீங்க. அது கொஞ்சம்தான் மிச்சம்."

அவர் பதிலுக்குச் சிரிக்கப் பார்த்தார்.

"அவளைப் பாத்துக்கோங்க," என்றார் மாமனார். "தான் செஞ்சதுன்னு கிடந்து மருகறா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன் மாமா."

சனிக்கிழமை காலை மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் ஃப்ரீசரைத் திறந்தார். பதினோரு கோழிப் பை, நாலு மீன், பட்டாணிக் கட்டி. எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். கனமாக இருந்தது. ஒரு ரொட்டித் துண்டைக்கூட இதுவரை தூக்கிப் போட்டதில்லை அவர். வாசல் வரை தூக்கி வந்து கதவைத் திறந்தார். வெளியே மனைவி சாவியை நீட்டியபடி நின்றாள்.

"கஞ்சியா ஏதாவது குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. கோழி சூப் கேக்கறார் அப்பா. இந்தத் தடவை ஒரு மணி நேரம் வேக வைக்கப் போறேன்." அவள் பையைப் பார்த்தாள். "என்ன அது?"

"குப்பை."

"இவ்வளவா?"

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். மேலே பட்டாணி இருந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பையின் மூலையில் உறைந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அவர் தோளுக்கு மேலாகச் சமையலறைச் சுவரின் ஒற்றைச் சாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு அவரை.

"கறி, மீனு, எல்லாம்," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க எதையும் தூக்கிப் போடற ஆளில்லையே."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. சத்தம் கீழே போய் ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"வியாழக்கிழமை காலையில ரொட்டி பாக்கெட் காலியா இருந்தது. எலின்னு நினைச்சேன். முந்தின நாள் பசியோடதான் வந்திருக்கீங்க." பட்டாணியை அவள் கீழே வைக்கவில்லை. "அந்தக் கறியை நீங்க மட்டும் ஏன் தொடலை?"