காதால் சாப்பிட்ட பினாங்கு

குன்னம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எல்லோரும், 1979 தை மாதத்துக் காலை ஒன்றில், பினாங்கு மீன்குழம்பைக் காதால் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்கள். பரிமாறியவர் வைத்திலிங்கம். மலேசியாவில், பினாங்கில் இருக்கும் அண்ணனின் மகன் கல்யாணத்துக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர், முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். அண்ணன் ஒரே டிக்கெட் அனுப்பியதால் மனைவி தனம் போகவில்லை. நிறுத்தத்து இட்லிக்கடையை நடத்துகிறவள் அவள்தான். கிளம்பும்போது அவள் சேலையோ சென்ட்டோ கேட்கவில்லை. "அங்க என்னென்ன சாப்பிட்டீங்கன்னு வந்து எனக்குச் சொல்லுங்க, அது போதும்" என்றாள். ஊருக்கே ஆக்கிப் போடுகிறவளுக்கு, அடுத்தவர் கைப்பக்குவத்தைக் கேட்கவாவது ஆசை இருக்காதா?

வந்த அன்று மனுஷன் அசதியில் தூங்கிவிட்டார். மறுநாள் கண்டக்டர் கருப்பண்ணன், "எப்படிங்க இருந்துச்சு பினாங்கு?" என்று கேட்டதும் வாயைத் திறந்தவர்தான். ரிக்‌ஷாவில் ஆள் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னால் மிதிப்பதையும், மலைமேல் ரயில் ஏறுவதையும் சொன்னபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீன்குழம்புக்கு வந்ததும் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. சிலர் கைகூடக் கழுவினார்கள். பருத்தி பொய்த்த வருஷம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் நூடுல்ஸ், அவித்த நண்டு என்று பந்தி நடந்தது. கிருத்திகை விரதத்தோடு நின்ற வைரக்கண்ணு, கணவாய் வறுவலைத் தெரியாமல் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பித் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

இதில் இரண்டு சங்கடங்கள். தனத்தின் இட்லி ஈ மொய்த்துக் கிடந்தது. அதைவிடப் பெரியது, ஒரு முறை சொன்ன பண்டம் வைத்திலிங்கத்துக்கே மறந்துபோனது. மறுபடி சொல்லச் சொன்னால் திருதிருவென்று விழித்தார். அவர் கதை சொல்லும் நேரமெல்லாம் தனம் கடைக்குப் பின்னால் மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். கல்லின் சத்தத்தில் அவள் காதில் ஒரு பருக்கைகூட விழவில்லை.

சித்திரை வந்தபோது அவரிடம் ஒரே ஒரு பண்டம்தான் மிச்சம். அதையும் கேட்டுவிட்டே பஸ்ஸை எடுப்பதென்று கருப்பண்ணன் பிடிவாதமாக நின்றார். வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார். அன்றைக்கு மட்டும் ஆட்டுக்கல் நின்றது. கையெல்லாம் மாவோடு தனம் வெளியே வந்தாள்.

"ஊருக்கெல்லாம் போட்டுட்டீங்க. கட்டுன பொண்டாட்டிக்கு என்ன வச்சிருக்கீங்க?"

திறந்த வாயை வைத்திலிங்கம் மூடிக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. கருப்பண்ணன் விசில் ஊத ஊத, அவளை அடுப்போரம் அழைத்துப்போய், இடது காதில் மட்டும் கேட்கும்படி சொன்னார். கண்ணாடிக் கிண்ணத்தில் துருவிய ஐஸ், அதன்மேல் பச்சை நிறத்தில் இடியாப்பம் மாதிரி மாவுத்துண்டுகள், தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு. வேகாத வெயிலில், கொதிக்கிற இட்லிப் பானை பக்கத்தில், தனத்துக்குப் பல் கிட்டியது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினாள்.

"இன்னொரு வாய் சொல்லுங்க" என்றாள். கிண்ணம் காலியாகும்வரை அவர் சொன்னார்.

பினாங்கு தீர்ந்ததும் ஊர் இட்லிக்குத் திரும்பியது. தனத்தின் இடது காது மட்டும் அப்படியே சில்லென்று நின்றுவிட்டது. கோடையில் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்ச் சொம்பை அவள் காதோரம் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, குடித்துவிட்டுப் போனார்கள். வைத்திலிங்கத்துக்கு மட்டும் வரிசையில் கடைசி இடம்.