செல்லாத பத்து ரூபாய்

ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் டிபன் வண்டி போட்டிருக்கும் பத்மினிக்கு, உட்கார்ந்து ஒரு வேலை செய்ய வராது. மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவதும் நின்றபடிதான். ஒரு கண் இட்லிக் குண்டானில், இன்னொரு கண் ரோட்டில். மிச்சம் மீதி இருப்பது லாஸ்யாவின் கணக்குப் புத்தகத்துக்கு.

இரண்டாம் வகுப்புக் கணக்கு. நாணயங்களைப் படம் போட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். பத்து ரூபாய் ஒன்று, ஐந்து ரூபாய் ஒன்று, இரண்டு ரூபாய் இரண்டு. லாஸ்யா ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

"இன்னாடி இது? பத்தும் அஞ்சும் பதினஞ்சு, அப்புறம் ஒரு நாலு. பத்தொம்பது. அழி."

"ஒம்பதுதாம்மா."

"கண்ண பொடனியில வெச்சிக்கினு எழுதுனியா? இதோ பத்து ரூபா இருக்குதே!"

"அது செல்லாதும்மா. நீதான இப்ப அந்த மாமாகிட்ட சொன்ன?"

பத்மினி குண்டானை மறந்து மகளைப் பார்த்தாள்.

கொஞ்சம் முன்னால் நடந்தது அது. திருமலையில் முடி கொடுத்துவிட்டு இறங்கி வந்த ஒருவர், லாஸ்யா வயது மகளோடு வண்டியருகே வந்து நின்றார். அவளுக்கும் மொட்டை. ஒரு பிளேட் இட்லி முப்பது ரூபாய். அவர் மூன்று பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினார். போனில் சார்ஜ் இல்லை, கையில் வேறு காசும் இல்லை என்றார். "அது இங்க செல்லாதுப்பா, நோட்டு இருந்தா குடு" என்று பத்மினி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தச் சிறுமி தட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அப்பாவோடு ஸ்டேஷனுக்குள் போனாள்.

செல்லும் என்று பத்மினிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மளிகைக்காரர் வாங்க மாட்டார், ஆட்டோக்காரர் வாங்க மாட்டார். ஊரே வாங்காத காசை இவள் மட்டும் வாங்கி என்ன செய்வது, மாலை கோத்துப் போட்டுக்கொள்வதா?

"செல்லும்டி. கவர்மெண்டு போட்ட காசு. நம்மாளுங்கதான் வாங்கறதில்ல."

"அப்ப அந்தப் பாப்பா இன்னாத்துக்குத் துன்னாம போச்சு?"

பத்மினிக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உள்ளே ஒலிபெருக்கியில் மெட்ராஸ் வண்டி வருவதாக அறிவித்தார்கள். அடுப்பைத் தணித்து, நான்கு இட்லியைப் பொட்டலம் கட்டி, "பாலையாண்ணா, வண்டிய பாத்துக்கோ" என்று பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்துவிட்டு ஓடினாள். பென்சிலும் கையுமாக லாஸ்யா பின்னால் ஓடினாள்.

பிளாட்பாரம் முழுக்க மொட்டைத் தலைகள். எல்லாவற்றிலும் சந்தனம். பத்மினிக்கு அந்த ஆளின் முகம் மறந்துபோயிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்திருந்தால்தானே, பார்த்ததெல்லாம் காசைத்தான். ஒருவரின் தோளைத் தொட்டு, "அண்ணா, நீதான இட்லி கேட்ட?" என்றாள். அவர் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று பத்மினி தொண்டை கிழியக் கத்தினாள்.

"பத்து ரூபா காயின் வெச்சிருந்தது யாருப்பா? செல்லும்! நான் வாங்கிக்கறேன், வந்துடுங்க, ரண்டி!"

அடுத்த வண்டிக்காகத் தரையில் உட்கார்ந்திருந்த மூன்று மொட்டைகள் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் யாரும் வாங்காத பத்து ரூபாய்கள். ஆசையோடு நீட்டினார்கள். பத்மினி மகளைப் பார்த்தாள்.

"இவங்கள்ல யாருடி?"

"யாரும் இல்லம்மா."

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள், எதிலும் அந்தச் சிறுமி இல்லை. வந்த மூன்று பேரையும் கூட்டிப் போய்ச் சுடச்சுட இட்லி போட்டாள். நாணயங்களை வாங்கி டப்பாவில் போட்டாள். நாளைக்கு மளிகைக்காரரிடம் ஒரு சண்டை இருக்கிறது. இருக்கட்டும்.

லாஸ்யா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் ஒன்பதை அழித்தாள். பத்தொன்பது என்று எழுதினாள்.

"இப்ப கரெக்டா?"

"கரெக்டு" என்றாள் பத்மினி. பொட்டலம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"அந்தப் பாப்பாகிட்ட யாரும்மா சொல்லுவாங்க, செல்லும்னு?"