அடைப்புக்குறிக்குள் ஓர் ஆறு

1.

இந்தக் கதை என் சட்டையில் கொட்டிய தேநீரிலிருந்து தொடங்குகிறது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆற்றங்கரைப் பேருந்து நிறுத்தம். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி கைப்பேசியைப் பையின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதை இரண்டு கைகளாலும் திட்டிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விரல்கள் பறந்தன, புருவம் ஏறி இறங்கியது, கடைசி வீச்சு என் கோப்பையில் பட்டது.

“ஐயோ, மன்னிச்சிடுங்க! அக்காகிட்ட பேசிட்டிருந்தேன். அவளுக்குக் காது கேக்காது, எங்க வீட்டுல எல்லாரும் கையாலதான் பேசுவோம். படம் நின்னுபோச்சு, கோவத்துல கை கொஞ்சம் நீண்டுடுச்சு.”

திரையில் ஓர் அக்கா ஒரு கையை உயர்த்தியபடி, கண் பாதி மூடி, தும்மப்போகிறவர் மாதிரி உறைந்து கிடந்தார்.

“எங்க இருக்காங்க?”

“அதோ, நீலத் தண்ணித்தொட்டி தெரியுதுல்ல? அதுக்கு அடுத்த வீடு.”

தொட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாடியில் காயப்போட்ட துணிகூடத் தெரிந்தது. ஆனால் அது வேறு நாடு. எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சட்டையைத் துடைக்காமல் கதை கேட்க உட்கார்ந்துவிட்டேன்.

2.

தொடக்கம் எழுதுவது பெரும்பாடு. முதலில் இப்படி எழுதினேன்: இரு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கு எந்த நாட்டின் கடவுச்சீட்டும்—

அடித்துவிட்டேன். ஆற்றை வைத்துத் தத்துவம் பேசுகிறவர்களை எனக்கே பிடிக்காது.

அப்புறம் இப்படி: அண்டை நாடுகளின் இணைய உள்கட்டமைப்பு ஒத்துழைப்பு என்பது இன்றைய—

இதைப் படித்த என் மனைவி, “பரீட்சை எப்ப?” என்று கேட்டாள். இதுவும் போயிற்று.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். தேநீர் கொட்டியவர் ஒரு வரைவாளர். அரசாங்கங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை வரிவரியாக எழுதுவது அவர் வேலை. அவர் இருப்பது வடகரை. அக்கா வாழ்க்கைப்பட்டது தென்கரை. இந்தக் கரையில் புறப்படும் படம் நேராக ஆற்றைத் தாண்டிப் போவதில்லை. இரண்டு நாட்டு இணைய நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ள ஒரு பொது இடம் கிடையாது. அதனால் அது கடலுக்கடியில் எங்கோ தொலைதூர நாட்டுக்குப் போய், அங்கே ஒரு கட்டடத்தில் வரிசையில் நின்று, மறுபடி கடல் தாண்டி எதிர்க்கரைக்கு வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இது உலகத்தைச் சுற்றி மூக்கைத் தொடுவது.*

* காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் தொடரும். அக்காவுக்குப் படம்தான் குரல். “அத்தான் நேத்து கடைத்தெருவுல என்ன பண்ணாரு தெரியுமா” என்று ஆரம்பிப்பார், கை அந்தரத்தில் நின்றுவிடும். அத்தான் கடைத்தெருவில் செய்த எத்தனையோ காரியங்கள் இப்படி வரலாற்றுக்குத் தெரியாமலே போயின.

இதற்குத் தீர்வு பாலத்தின் அடியில் ஏற்கெனவே போட்டு முடித்த, படத்தை வெளிச்சமாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கம்பியும், அது வந்து சேரும் ஒரு பொது அறையும். கம்பி தயார். அறை எந்தக் கரையில் என்பதில்தான் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்தது. அதை எழுதிக்கொண்டிருந்தவர் நம் வரைவாளர். அக்கா கடைசியாகச் சொன்னது இது: “போதும்டி. கண்ணு வலிக்குது. இனிமே எழுதி அனுப்பு, படிச்சுக்கறேன்.”

எழுத்தில் அக்கா வேறு ஆள். “நலம். நலமா. மழை.” அவ்வளவுதான் வரும். கையில் இருக்கிற குறும்பும் கோபமும் எழுத்துக்கு வராது. கம்பியில் வெளிச்சம் ஏறாவிட்டால் அந்தக் கைகளை இழந்துவிடுவோம் என்று வரைவாளருக்குப் பயம் வந்துவிட்டது.

3.

இந்தத் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாத வார்த்தையை யாரும் அடிக்க மாட்டார்கள். இரண்டையும் சதுர அடைப்புக்குறிக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். இப்படி:

பொது அறை [வடகரையில்] [தென்கரையில்] அமையும்.

சண்டை போட்ட பிள்ளைகளைத் தனித்தனி மூலையில் நிறுத்துவது மாதிரிதான். எல்லா அடைப்புக்குறியும் போன பிறகுதான் கையெழுத்து.

இந்தக் கதையின் வரைவை மரியாதைக்கு அவரிடம் காட்டினேன். திரும்பி வந்தபோது அதில் இப்படி இருந்தது:

[அவள்] [அவர்] கோபக்காரர். [அழகிய] [ ] முகம். வெளியே [பெருமழை] [வெயில்].

“வெயில்தாங்க அடிச்சுது. நீங்க பாட்டுக்கு மழையைக் கொண்டாந்துட்டீங்க.”

“சோகத்துக்கு மழை இருந்தா நல்லாயிருக்கும்னு...”

“யாருக்குச் சோகம்? எனக்கு அன்னிக்குப் பசிதான்.”

ஆகவே வெயில். ‘அவர்’ என்பதையும் ஒத்துக்கொண்டேன். ‘அழகிய’ இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

4.

கடைசி நாள் கூட்டம் பாலத்துச் சுங்க அலுவலகத்தின் விளையாட்டுக்கூடத்தில் நடந்தது. இரு நாட்டுக்கும் பொதுவாகக் கிடைத்த மேசை அங்கேதான் இருந்தது, நடுவில் வலை கட்டும் மேசை. வலையைக் கழற்றிவிட்டு, இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை என்று உட்கார்ந்திருந்தார்கள். சாயந்திரம் அங்கே ஊழியர்களின் மேசைப்பந்துப் போட்டி. அதைவிடப் பெரிய விஷயம், அன்றோடு பேச்சுவார்த்தைக் குழுவின் ஆயுள் முடிகிறது. முடிக்காவிட்டால் புதுக் குழு, புதுத் தலைவர்கள், முதல் வரியிலிருந்து பேச்சு.

எதிர்த்தரப்பு வரைவாளரை நம்மவர் ‘கமா சார்’ என்றுதான் கூப்பிடுவார். எந்த வரியைக் கொடுத்தாலும் ஒரு கமா போட்டுத்தான் திருப்பித் தருவார். நல்ல மனுஷர். இரு தரப்புத் தலைவர்களோ, அறை தங்கள் கரைக்கு வராவிட்டால் ஆறே வற்றிவிடும் என்பதுபோலப் பேசுகிறவர்கள்.

“அறை எங்க கரையிலதான். இதுல ரெண்டாவது பேச்சே இல்ல,” என்றார் வடகரைத் தலைவர்.

“அதையேதான் நாங்களும் சொல்றோம். எங்க கரையில,” என்றார் தென்கரைத் தலைவர்.

மற்ற அடைப்புக்குறிகளெல்லாம் போய்விட்டன. இந்த ஒன்று மட்டும் அசையவில்லை. “சாப்பிட்டு வந்து பார்க்கலாம். அதுக்குள்ள வரைவாளர்கள் ஆளுக்கொரு சுத்தப் பிரதி எடுத்து வைங்க,” என்று எழுந்தார்கள்.

5.

இங்கேதான் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது.

சாப்பாட்டு நேரத்தில் நம் வரைவாளர் தனியாக உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை ஞாபகம் வந்தது. அறை எங்கே இருந்தால் என்ன, அக்கா பேசினால் போதும் என்று தோன்றியது. தலைவரைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று துணிந்து தன் தரப்பு வார்த்தையைத் தானே அடித்தார். பொது அறை தென்கரையில் அமையும். வேலை போனாலும் போகட்டும் என்று பிரதியைத் தலைவரின் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

இது நம்பும்படி இருக்கிறது. நம்ப முடியாதது அடுத்தது. அதே நேரத்தில், கூடத்தின் மறுகோடியில், கமா சாரும் தன் தரப்பு வார்த்தையை அடித்துக்கொண்டிருந்தார். பொது அறை, வடகரையில் அமையும்.

அவர் ஏன் அடித்தார்? நான் எழுதினேன்: ‘அவர் ஒருநாள் வரைவாளர் அக்காவோடு கையால் பேசுவதைத் தொலைவிலிருந்து பார்த்து, கண் கலங்கி—’

வரைவாளர் குறுக்கே கோடு போட்டுவிட்டார். “அவர் கண்ணு எதுக்குக் கலங்கணும்? அவங்க பக்கம் கரண்டு அடிக்கடி போகும். நம்ம பக்கம் இருந்தா இயந்திரம் நிக்காதுன்னு அடிச்சாராம். அவரே சொன்னாரு.”

எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் கரண்டுக்காகத் தன் நாட்டை விட்டுக்கொடுத்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. கண் கலங்குவதைவிட அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

6.

வடகரைத் தலைவர் தன் பிரதியை வெண்கலக் குரலில் வாசித்தார். “பொது அறை தென்கரையில்...” குரல் பாதியில் நின்றது. தென்கரைத் தலைவர் அவசரமாகத் தன் பிரதியைப் புரட்டினார். “வடகரையில்...” அவரும் நின்றார்.

இத்தனை நாள் கேட்டது எதிர்த்தரப்பின் பிரதியிலிருந்தே கையில் வந்து விழுந்திருக்கிறது. வாங்கிக்கொள்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை.

“அவங்களா எடுத்துக் குடுக்கறாங்கன்னா இதுல ஏதோ இருக்கு,” என்று வடகரைத் தலைவர் நம் வரைவாளரின் காதில் சொன்னார். சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. “அறை எங்களுக்கு வேணாம். நீங்களே வச்சுக்குங்க!”

“அதெப்படி? உங்களுக்குன்னு குடுத்தாச்சு. நீங்கதான் வச்சுக்கணும்!”

அதே மேசை, அதே சத்தம், சண்டை மட்டும் தலைகீழ். கதவை யாரோ தட்டினார்கள். மட்டையும் கையுமாகப் போட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். “சார், மேசை வேணும்.”

வரைவாளர் கமா சாரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். இருவருக்கும் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. பிறகு வரைவாளர் எழுந்தார்.

“சார், ரெண்டு பிரதியுமே சரின்னு வச்சுக்கலாம். அந்தக் கரையில ஒண்ணு, இந்தக் கரையில ஒண்ணு. ரெண்டு அறையும் சேர்ந்து ஒரே நிலையம். ஒரு பக்கம் வெள்ளம் வந்தா மறுபக்கம் ஓடும்.”

“கரண்டு போனாலும் ஓடும்,” என்றார் கமா சார். “ரெண்டு அறைக்கும் ரெண்டு நாட்டு ஆளுங்களும் பொறுப்புன்னு எழுதிடலாம்.”

இதில் ஏமாற எதுவுமே இல்லையே என்று தலைவர்கள் சிறிது நேரம் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. வலை கட்டிக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துப் போட்டார்கள். வாசலில் கமா சார் கைகூப்பினார். “மேடம், நீங்களும் அடிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேன்.”

“நானும்தான் சார்,” என்றார் வரைவாளர். அப்புறம் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

7.

இங்கேயே முடிக்கலாம். கைவசம் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

[கம்பியில் வெளிச்சம் ஏறிய அன்று இரு கரையிலும் மக்கள் கூடிக் கைதட்டினார்கள்.]

“யாரும் வரல. ரெண்டு பொறியாளருங்களும் ஒரு காவலாளியும்தான்,” என்றார் வரைவாளர்.

[அக்கா அத்தானின் கடைத்தெருக் கதையை முழுவதுமாகச் சொன்னார். சகோதரிகள் ஆனந்தக் கண்ணீர்—]

“சொன்னா. ஆனா அது அவ்வளவு ஒண்ணும் நல்ல கதையில்ல. செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துட்டாராம். இதுக்கா இத்தனை நாளா காத்திருந்தோம்?”

“சரி, நீங்களே சொல்லுங்க. எப்படித்தான் முடிஞ்சுது?”

வரைவாளர் சற்று நெளிந்தார். பிறகு சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

8.

படம் பளிங்குபோல இருந்தது. அக்காவின் விரல் நகத்துச் சாயம்வரை தெரிந்தது. செருப்புக் கதை முடிந்தது, பக்கத்து வீட்டுக் கதை முடிந்தது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார்: “நீ எப்ப வர்ற?”

இது புதுக் கேள்வி இல்லை. ஒவ்வொரு முறையும் அக்காதான் பாலத்தில் அரை நாள் வரிசையில் நின்று வடகரைக்கு வந்து போயிருக்கிறார். வரைவாளர் ஒருமுறைகூடப் போனதில்லை. இரண்டு கரையையும் இணைக்கிற வேலையில் நேரமே இல்லை. அக்கா இதைக் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். கையை அந்தரத்தில் நிறுத்தி, வாயைப் பாதி திறந்து, இமைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார். படம் நின்றுவிட்டது என்று நினைத்து அக்கா துண்டித்துவிடுவார்.

பழக்க தோஷம். அன்றும் கை தானாக மேலே போய் நின்றது.

அக்கா பார்த்தார். திரைக்கு இன்னும் கிட்டே வந்து பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்க, தனக்குக் கேட்காத அந்தச் சிரிப்பைச் சிரித்தார். சிரித்து முடித்துக் கைகளை உயர்த்தினார்.

“உன் பின்னால விசிறி சுத்துதேடி!”

சொல்லிவிட்டு அக்கா காத்திருந்தார். கண்ணில் நீர், உதட்டில் இன்னும் சிரிப்பு, மடியில் கைகள். கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கும் முகம். எந்தக் கடலும் குறுக்கே இல்லை.

“அப்புறம் என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

வரைவாளர் இந்த இடத்தை மட்டும் இரண்டு அடைப்புக்குறி போட்டு வெறுமையாக விடச் சொன்னார். நானும் விடுகிறேன். நீங்களும் யாருக்கோ இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதையே இங்கேயும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம். வரைவாளரின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது, அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

[ ] [ ]