வாடகை கேட்கப் போனவள்

"தலை இடிச்சிராம. பைய, பைய," என்று சொல்லிக்கொண்டே சங்கரபாண்டியன் முடுக்குக்குள் பின்பக்கமாக நடந்தான். அம்மாவின் தோள்கள் அவன் பிடியில் இருந்தன. காலைப் பிடித்திருந்தது எதிர்த்த சைக்கிள் கடைப் பலவேசம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய முடுக்கு அது. நடுவில் கைகொடுக்க இடமில்லாமல், தரையில் இழுபட்ட மாமியாரின் சேலைத் தலைப்பை மட்டும் அள்ளிப் பிடித்தபடி சண்முகசுந்தரி சுவரை ஒட்டி வந்தாள்.

பின்வீட்டிலிருந்து முன்வீட்டுப் பட்டாசாலைக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் சேரன்மகாதேவியிலிருந்து நாத்தனார் பகவதி வந்து இறங்குவதற்குள் அதைக் கடந்தாக வேண்டும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளுக்குத் தகவல் சொன்ன கையோடு ஓடி வந்திருந்தான் சங்கரபாண்டியன்.

அம்மாவைப் பெஞ்சில் கிடத்திவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தான். "அம்மா இங்கனதான் போனா. பின்வீட்டுல இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வாடகைக்கு இருக்கவ வீட்டுல, மீன் பொரிக்கிற வீட்டுல உசுரு போச்சின்னு பகவதிக்குத் தெரிஞ்சா, பதினாறு நாளும் அதத்தான் பேசுவா."

பலவேசம் தலையாட்டினான். முடுக்கு வாசலில் நின்ற எலிசபெத்தும் தலையாட்டினாள். அவள் கையில் இறந்துபோன ஆவுடையம்மாளின் மூக்குக்கண்ணாடி இருந்தது. சுந்தரி விறுவிறுவென்று போய் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினாள்.

எலிசபெத் பின்வீட்டுக்குக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. உவரிக்காரி. புருஷன் அருளப்பனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போவான். இவள் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது, கிணற்றடியை அலம்பாமல் விட்டது கிடையாது. குறை என்றால் வாடகை ஒன்றுதான். ஒன்றாம் தேதி தர வேண்டியது பத்தாகும், பதினைந்தாகும், சில மாதம் இருபதையும் தாண்டிவிடும்.

ஆவுடையம்மாள் விடுகிற ஆளா என்ன. காலைப் பலகாரம் முடிந்ததும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "என்னன்னு கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, "நாளைக்குத் தாரேங்கா" என்பாள். மறுநாளும் போவாள்.

சரி, வாடகை கேட்கப் போன இடத்தில் சிரிப்பு எதற்கு? அதுதான் சுந்தரிக்கு விளங்கவில்லை. அடுக்களை ஜன்னல் வழியாக அது காதில் வந்து விழும். மூச்சு முட்டிப் போய், இருமி, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமாகி வந்த பதினேழு வருஷத்தில் முன்வீட்டில் அந்தச் சிரிப்பு ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே அத்தை பேசுவதெல்லாம் உப்பு, புளி, பால்காரன், வாசல் கதவு. கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் சுந்தரி. ராத்திரிதோறும் கால் பிடித்துவிட்டவள் சுந்தரி. பதிலுக்கு ஒரு 'ம்' வரும். எனக்கு 'ம்', அவளுக்குச் சிரிப்பா என்று வயிறு எரியும். தெருவில் மாமியார் ஏசினாள் என்று மூக்கைச் சிந்துகிற மருமகள்களைப் பார்த்தால்கூட அவளுக்குப் பொறாமையாக இருக்கும். ஏசவாவது வாயைத் திறக்கிறார்களே.

போன ஆடியில் பொறுக்கமாட்டாமல் அவளே மாசப் பிறப்பும் அதுவுமாகப் பின்வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டாள். எலிசபெத் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே போய் வாடகையை எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். சுந்தரி அதைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தைக்காகக் கதவோரம் நின்றாள். ஆவுடையம்மாள் ரூபாயைத் தொடவில்லை. அந்த மாதம் முழுக்கப் பின்வீட்டுப் பக்கம் போகவுமில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள், சாம்பாரில் உப்பில்லை என்றாள். உப்பு இருந்தது. தன் அதிகாரத்தில் கை வைத்துவிட்ட கோபம் என்று சுந்தரி நினைத்துக்கொண்டாள்.

இன்று காலையில் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, "அக்கா, ஓடியாங்க" என்று குரல் வந்தது. ஓடினாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், எலிசபெத்தின் மடியில் அத்தையின் தலை இருந்தது. வாயோரம் ஈரமாக இருந்தது. தரையில் ஒரு டம்ளர். எல்லாம் முடிந்திருந்தது.

சுந்தரிக்கு அழுகை வரவில்லை. அவள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற உயிருக்குக் கடைசித் தண்ணி விடுவது பெற்ற பிள்ளையின் கை, இல்லாவிட்டால் மருமகள் கை. அந்த ஒன்றாவது தனக்கு என்று இருந்தாள். அதையும் இவள் எடுத்துக்கொண்டாள்.

பகவதி மதியம் வந்தாள். தெருமுனையில் இருந்தே அழுதுகொண்டு வந்து அம்மாவின் மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமல் விடாத அந்தக் கேள்வியைக் கேட்டாள். "கடைசித் தண்ணி யாரு விட்டா?"

சங்கரபாண்டியன் பந்தல்காரனைப் பார்க்கப் போகிறவன்போல வெளியே போய்விட்டான்.

"நான்தான் விட்டேன் மதினி," என்றாள் சுந்தரி.

"பாலா, தண்ணியா?"

டம்ளரில் இருந்தது எது என்று சுந்தரி பார்த்திருக்கவில்லை. கூடியிருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள்.

"தண்ணிதாம்மா." நடைவாசலில் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த எலிசபெத்தான் சொன்னாள். "வெந்நி. அக்கா தலையத் தாங்கிப் பிடிச்சிக்கிட்டு வாயில விட்டாக. ரெண்டு மடக்கு உள்ள போச்சி. மூணாவது இறங்கல."

"புண்ணியம் பண்ணியிருக்கே சுந்தரி," என்று பகவதி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெத்த மக நான், எனக்கு வாய்க்கல."

சுந்தரி கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றாள். தான் சொன்ன பொய்யில் நடந்தது என்னவென்று எதிராளி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. எலிசபெத் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திராது. எடுத்துக்கொண்டதும் அவள், எடுத்ததைத் தானமாகத் திருப்பிக் கொடுப்பதும் அவள்.

பேராச்சி கோயில் படித்துறையிலிருந்து குடங்களில் நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், எல்லாம் வரிசைப்படி நடந்தது. வாய்க்கரிசி போடும்போது உறவுமுறைக்காரர்கள் எல்லாம் போட்டார்கள். எலிசபெத் முடுக்கிலேயே நின்றாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. சுந்தரி அதைப் பார்த்தாள். பார்த்து ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது என்பதும் உண்மைதான்.

வெயில் தாழ அத்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கிணற்றடியில் தலைமுழுகினார்கள். முதலில் முழுகிய சுந்தரி ஈரத்தலையைத் துவட்டாமல் முடுக்குக்குள் நடந்தாள். சொல்ல வேண்டியதை நாலைந்து தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அடுத்த மாசம் வீடு வேணும். வேறு பேச்சு வேண்டாம். அந்தத் தண்ணியைப் பற்றித் தெரிந்த ஒருத்தி தினமும் கண்முன்னால் நடமாட வேண்டாம்.

எலிசபெத் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. சுந்தரியைக் கண்டதும் எழுந்து, தகரப் பெட்டியைத் திறந்து, மடித்த ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாடகைக்கா."

"இன்னைக்கா தார?"

"ஒண்ணாந் தேதியே எடுத்து வச்சது. எந்த மாசமும் எடுத்து வச்சிருவேன். ஆச்சிதான் வாங்க மாட்டாக. 'இப்பமே தந்துட்டேன்னா நான் எதச் சொல்லிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வர? இருபது கழியட்டும், பையத் தா'ம்பாக."

நீட்டிய ரூபாயைச் சுந்தரி வாங்கவில்லை. எலிசபெத் நோட்டுகளைத் தரையில் வைத்தாள்.

"இங்கன வந்து என்ன செய்வாக?" என்று சுந்தரி கேட்டாள்.

"கொக்கி தைப்பாக." எலிசபெத் கூடையை இழுத்துக் காட்டினாள். யார் யாருடையதோ ரவிக்கைகள். "ஊசி கோக்கத்தான் கண்ணு தெரியாது. நான் கோத்துக் குடுத்திருவேன். பேசிக்கிட்டே தைப்பாக."

முன்வீட்டில் ஒரு முழம் பூக்கூடக் கட்டித் தராத கை. சுந்தரி மெல்ல உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அந்த வீட்டுத் தரையில் உட்காருவது அன்றுதான்.

"என்னப் பத்திப் பேசுவாகளா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"இல்லக்கா. வீட்டுப் பேச்சே பேச மாட்டாக. சின்னப்பிள்ளையில ஆத்துல அக்கரை வரைக்கும் நீஞ்சினது, மாம்பழம் களவாண்டு மாட்டிக்கிட்டது, அந்தப் பேச்சுத்தான்."

அத்தைக்கு நீச்சல் தெரியும் என்பதே சுந்தரிக்குத் தெரியாது. பகவதி முன்னால் அத்தனை அழகாகப் பொய் சொன்ன எலிசபெத், இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. சுந்தரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. செத்தவளுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். எலிசபெத் பக்கத்தில் வரவுமில்லை, தொடவுமில்லை.

அழுது முடிந்ததும் தொண்டை வறண்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

எலிசபெத் டம்ளரை எடுத்தாள், தயங்கி, வேறொன்றுக்குக் கை நீட்டினாள்.

"அந்த டம்ளரா?"

"ஆமாக்கா."

"அதுலயே தா."

வாய் வைத்துக் குடித்தாள். அத்தைக்கு இறங்காத மூன்றாவது மடக்கும் அவளுக்கு இறங்கியது.

"ஏளா சுந்தரி." முடுக்கிலிருந்து பகவதியின் குரல் வந்தது. "ஆம்பிளைக வாரதுக்குள்ள விளக்கு ஏத்தணும்லா. எழவு வீட்டப் போட்டுட்டு அங்கன என்ன செய்யுதே?"

சுந்தரி தரையில் கிடந்த ரூபாயைப் பார்த்தாள்.

"வாடகை கேக்க வந்தேன் மதினி."

"இன்னைக்குமா? தந்தாளா?"

"இல்ல. நாளைக்கு வரச் சொல்லுதா."

பகவதி என்னவோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். எலிசபெத் ரூபாயை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சுந்தரி கூடையில் மேலாகக் கிடந்த ரவிக்கையை எடுத்து மடியில் போட்டாள். கடைசிக் கொக்கி பாதியில் நின்றிருந்தது. ஊசி இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.